பஸ் ஏறாமல் ஐரோப்பா

எங்கள் கல்யாணம் அரியலூரில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெரம்பலூரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையை மட்டும் காணோம். கொஞ்ச நேரம் கழித்து, நண்பர் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி தலைமுடியெல்லாம் படிந்திருந்தது.

"மாப்ள கெத்தாத்தான் வராரு" என்றார் என் பெரியப்பா.

கெத்து இல்லை என்பது மறுநாள் எனக்குத் தெரிந்தது. மறுவீட்டுக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். பாதி வழி போவதற்குள் புது மாப்பிள்ளை இரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். கார், வேன், பஸ் எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாகிவிட்டது, மாத்திரை போட்டுப் பார்த்தாகிவிட்டது. எதற்கும் அந்த வாந்தி அசையவில்லை. பெரம்பலூரில் பிறந்தவருக்கு இப்படி ஓர் உடம்பு. அந்த ஊரில் ரயில் கிடையாது. எங்கே போவதென்றாலும் பஸ்தான். அதனால் அவர் எங்கேயும் போனதில்லை. போர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்து வயல்காடுகளுக்கெல்லாம் பைக்கிலேயே போய் வருவார்.

ரயிலில் மட்டும் அவர் வேறு ஆள். கல்யாணமான புதிதில் அரியலூர் வரை பைக்கில் போய், ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு, சென்னைக்கு ரயில் ஏறினோம். விருத்தாசலம் வருவதற்குள் இரண்டு டீ, ஒரு வடை, பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்த முறுக்கு எல்லாம் உள்ளே போயிருந்தன. எதுவும் வெளியே வரவில்லை. வீட்டில் அளந்து பேசும் மனிதர் தாம்பரம் வரை வாயை மூடவில்லை. இவரை ரயிலிலேயே வைத்துக் குடும்பம் நடத்த முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் தம்பி அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். மகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டாள், நாங்கள் எங்காவது போக வேண்டியதுதானே என்று பேச்சு வந்தது. தம்பி ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை எடுத்து வந்தான்.

"அக்கா, ஐரோப்பா டூர். நாமளும் போவோம். ஏர்போர்ட்ல எறங்குனதும் ஏசி பஸ். கடைசி நாள் வரைக்கும் அதே பஸ்தான். சாப்பாடும் நம்ம சாப்பாடு."

என் கணவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வூட்டப் பாத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவர் நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வருஷா வருஷம் பள்ளிக்கு டைம்டேபிள் போடுவதும் நான்தான். யாருக்கு எந்தப் பீரியட், எந்த வகுப்பு என்று கட்டம் கட்டமாக அடைப்பது மற்றவர்களுக்குத் தலைவலி, எனக்கு விளையாட்டு. மறுநாள் மதிய இடைவேளையில், ஐரோப்பாவில் ரயிலிலேயே சுற்ற முடியுமா என்று போனில் தேடினேன். முடியும் என்றது. ஒரே பாஸ். ஒரு மாதத்துக்குள் நமக்கு வேண்டிய ஏழு நாட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த நாளில் எந்த ரயிலிலும் ஏறலாம், இறங்கலாம், மறுபடி ஏறலாம். அடுத்த பீரியட் மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் பட்டறைக்கே போய்ச் சொன்னேன். அவர் கையில் செம்புக் கம்பியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ரயில்ல வேணா ஏறலாமா?"

"வேக ரயில் சிலதுக்குத் தனியா சீட்டுப் போடணும், அதுக்குக் காசு. மெதுவா போற ரயிலுக்கு ஒண்ணும் வேணாம். அப்படியே ஏறிக்கலாம்."

"நம்ம அன்ரிசர்வ்டு மாதிரி."

"அதேதான்."

"அப்ப மெதுவா போறதுலயே போவோம். அவ்வளவு தூரம் போயிட்டு எதுக்கு அவசரம்?"

அன்றிலிருந்து எங்கள் கூடம் ரயில்வே ஆபீஸ் ஆனது. பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் கட்டம் போட்டு, ஊர்களை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். மியூனிக்கில் இறங்கி, இன்ஸ்ப்ரூக், வியன்னா, பிராக் போய், சுற்றி மியூனிக்குக்கே திரும்புவது என்று ஒரு வழி உருவானது. வியன்னாவிலிருந்து ஒரு நாள் சால்ஸ்பர்க் போய் வருவது. நான் இன்னும் இரண்டு ஊரைச் செருகப் பார்த்தேன். அவருக்கு ஊர்களே வேண்டாம்.

"எறங்குனாத்தானே ரூம் வாடகை? ரயில்லயே இருந்துட்டா?"

"தூங்க வேணாமாங்க?"

"ஜன்னல விட்டுட்டு எவன் தூங்குவான்?"

ஓரிடத்தில் ரயில் மாற எட்டு நிமிடம்தான் இருந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு முடியாது என்றார் அவர். முடியும் என்றேன் நான். தம்பி நடுவராக வந்தான். ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு முதுகுப்பைகளில் அரிசி மூட்டையும் என் பள்ளிப் புத்தகங்களும் அடைத்துக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தோம். தம்பி போனில் நேரம் வைத்துக் கையை ஆட்ட, நாங்கள் படியேறி, மேம்பாலத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கி ஓடினோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரயில்வே ஊழியர் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"ஏம்மா ஓடுறீங்க? இப்ப வண்டி எதுவும் இல்லையே!"

"வியன்னா வண்டிக்குங்க" என்றார் என் கணவர் மூச்சு வாங்க.

ஊழியர் கொஞ்சம் யோசித்தார். "அது இங்க நிக்காதே சார்."

தம்பி மேம்பாலப் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எட்டு நிமிடம் ஆவதற்கு முன்பே வந்துவிட்டோம். ஆனாலும் அரிசியைக் குறைத்தோம்.

விசாவுக்குச் சென்னை போனதும் ரயிலில்தான். பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வந்த அன்று அவர் பட்டறையில் இருந்த எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். மே மாத விடுமுறையில் கிளம்பினோம். விமானம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஏறியதும் பெல்ட்டைப் போட்டு, கண்ணை மூடி, மியூனிக்கில்தான் திறந்தார்.

முதல் ரயிலிலிருந்தே எல்லாம் என் கட்டங்களுக்குள் அடங்கி நடந்தது. இன்ஸ்ப்ரூக் முடித்து வியன்னா போகும் வழியில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. டிக்கெட் பரிசோதிக்கும் பெண் வந்து விளக்கினாள். முன்னால் தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம். எல்லோரும் இறங்கி வெளியே நிற்கும் பஸ்ஸில் போய், அடுத்த ஊரில் ரயில் ஏற வேண்டுமாம்.

வெளியே பஸ் நின்றது. அதற்கு மேலே, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ரோடு தெரிந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏறிடலாம். உன் பிளான் கெட வேணாம்" என்றார்.

"நாளைக்கு ரயில் போகுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். காலையில் போகும் என்றாள். வியன்னாவில் அறைக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. சால்ஸ்பர்க்குக்கும் நாள் இல்லாமல் போகும். எல்லாம் ஒரு நொடியில் கணக்காக ஓடியது. அவரைப் பார்த்தேன். காலண்டர் தாளை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"வாங்க, இங்கயே ரூம் தேடுவோம்."

ரொட்டிக் கடைக்கு மேல் ஓர் அறை கிடைத்தது. குளித்துவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் பத்துப் பதினைந்து பேர் பித்தளைக் குழல்களும் பெரிய டிரம்முமாக நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆளில்லை. நாங்கள் எதிர்ச்சுவரில் உட்கார்ந்து ஒரு பாட்டு முடிந்ததும் கைதட்டினோம். அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்று முடிந்தால் இன்னொன்று. என் கணவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். டிரம்காரர் அதைப் பார்த்துவிட்டுக் குச்சியை அவரிடம் நீட்ட, இவரும் போய் வாங்கிக்கொண்டார். ஊர்த் திருவிழாவில் கேட்ட அடியை அங்கே அடித்தார். குழல்காரர்கள் கொஞ்சம் தடுமாறி, பிறகு அதையே பிடித்துக்கொண்டு வாசித்தார்கள். நான் ஊரறியச் சிரித்தேன், தெருவில் நின்று, சத்தமாக.

வியன்னாவும் பிராக்கும் பார்த்தோம், அழகுதான். சால்ஸ்பர்க்கை விட்டதில் பாஸில் இன்னும் நாள் மிஞ்சியிருந்தது. மியூனிக்கில் கடைசி நாள், பார்க்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

"பாஸ் இன்னும் உயிரோட இருக்குல்ல?" என்றார் அவர்.

காலையில் கிளம்பினோம். எந்த ஊருக்கும் இல்லை. ஏரி தெரிந்தால் இறங்கினோம், பசித்தால் இறங்கினோம், புளிக்காய்ச்சல் பிசைந்த சோற்றைப் பிளாட்பாரத்து பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டோம். ஏதோ ஒரு கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பலாம் என்று காத்திருந்தபோது எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. அது எங்கே போகிறதென்று நான் பலகையைப் படிப்பதற்குள் அவர் ஏறிவிட்டார். பெட்டியில் ஓர் ஆள் கிடையாது. ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் எனக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.