செப்டம்பரில் படகின் விலை

வைஜெயந்தியிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒரு படி குறைவாகத்தான் வரும். வீட்டு விசேஷத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்றால், கணவர் ஈஸ்வரன் சொல்வதில் பாதியைச் சொல்வாள். சென்னைக் கப்பல் எப்போது கிளம்பும் என்றால், “கிளம்பினா சொல்றேன்” என்பாள். வெயில் கொளுத்தும்போதும் கைப்பையில் குடை இருக்கும். “இவளைக் கேட்டா வானமே நாளைக்கு இடிஞ்சு விழும்” என்று ஈஸ்வரன் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கராச்சர்மா ஸ்டாப்பில் பஸ் ஏறிவிடுவாள்.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுத்து வைத்திருந்தது போர்ட் பிளேரில் அவள் வேலை பார்க்கும் வங்கி. வருஷக் கடைசி வரை காத்திராமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி தன் கணக்கைக் கூட்டிப் பார்த்து வெளியே சொல்லியாக வேண்டும். அதில் பாதிதான் கணக்கு. மீதி மதிப்பீடு. கொடுத்த கடனில் எது திரும்பும், எது திரும்பாது, அடமானமாக வாங்கியதை விற்றால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் விற்கிற வரை ஆண்டவனுக்கே தெரியாது. ஆனாலும் ஏதாவது ஒரு தொகையைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதைப் போடுகிறவள் வைஜெயந்தி. இத்தனை வருஷத்தில் அவள் போட்ட மதிப்புக்குக் கீழே எந்தப் பொருளும் விலை போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செப்டம்பர் காலாண்டு இங்கே எப்போதும் அழுது வடியும். மழை, காற்று, கடலில் ஆள் இருக்காது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் சிவப்பிரகாசத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“டிசம்பர்ல டூரிஸ்ட் கொட்டப் போறாங்களே மேடம். அந்த வருமானத்துல கொஞ்சம் இப்பவே இழுத்துக்கக் கூடாதா?”

“கொட்டட்டும் சார். கொட்டினப்புறம் எழுதிக்கலாம்.”

மனிதர் நல்லவர், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அடுத்து அவர் ஒரு கடன் ஃபைலை நீட்டினார். பாம்பூஃப்ளாட் காத்தமுத்துவின் சுற்றுலாப் படகு. மழைக்காலத்தில் தவணை நின்றுபோய், எஞ்சினும் படுத்துவிட்டது. புது எஞ்சினுக்கு இன்னொரு கடன் கேட்டிருந்தார். படகுக்கு நல்ல மதிப்பு விழுந்தால் கடன் கிடைக்கும், சீசனைப் பிடித்துவிடலாம். விழாவிட்டால் படகு கரையோடு சரி.

காத்தமுத்து அவளுடைய பெரியப்பா மகன்.

“எனக்கு அண்ணன் முறை சார். எழுதியே கொடுத்துடறேன், வேற யாராவது பாக்கட்டும்” என்றாள்.

“எழுதிக் கொடுங்க, நல்லது. ஆனா பாக்கிறதுக்கு வேற யாரு இருக்கா? இந்த ஊர்ல உறவு இல்லாத ஆளைத் தேடினா கணக்கே முடியாது. வேல்யுவர் சொல்ற எல்லைக்குள்ள போட்டுக் கொடுங்க.”

வைஜெயந்தியும் மதிப்பீட்டாளர் உதயசூரியனும் சாத்தம் துறையில் ஃபெரி ஏறி அக்கரை பாம்பூஃப்ளாட் போனார்கள். உதயசூரியன் படகை உள்ளும் புறமும் தட்டிப் பார்த்தார். “ஒன்பது லட்சத்துல இருந்து பன்னெண்டு. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒருத்தனும் தரமாட்டான்.”

“அரே, என்னங்க பேசறீங்க! கண்ணை மூடிட்டு இருபது போகும்” என்றார் காத்தமுத்து. நேற்றுத்தான் பெயின்ட் அடித்திருந்தார். முழங்கை வரை நீலம் ஒட்டியிருந்தது. “டிசம்பர்ல வந்து பாரும்மா, நிக்க இடம் இருக்காது.”

“டிசம்பரை இப்ப எழுத முடியாதுண்ணே.”

பன்னிரண்டு என்று போட்டாள். கடனுக்கு அது போதவில்லை.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? அண்ணி ஜெயராணி மரைன் ஹில்லில் நடந்த ஒரு கல்யாணத்தில் இவளைக் கண்டதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். “கூடப்பிறந்த மாதிரி நினைச்சோம், கல்லுல செஞ்ச மனசு” என்று சொந்தக்காரர்கள் காதுபடப் பேசினார்கள். ஈஸ்வரன்கூட, “ஒரு பதினஞ்சு போட்டிருக்கக் கூடாதா?” என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டார். வைஜெயந்தி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

டிசம்பரில் கடனை அடைக்கப் படகை விற்றார்கள். ஒன்பது லட்சம்தான்.

ஜனவரியில் கணக்கைச் சரிபார்க்க வந்த ஆடிட்டர் ரூபா அந்தப் படகுக் கணக்கில் வந்து நின்றாள். “மூணு மாசத்துல இவ்வளவு இறக்கமா? பரவாயில்லை, மதிப்பு மாறினா இந்தக் காலாண்டுல காட்டினா போதும். காரணம் மட்டும் சொல்லுங்க. மார்க்கெட் விழுந்துடுச்சா?”

தலையாட்டினால் வேலை முடிந்தது. சிவப்பிரகாசமும் ஆட்டச் சொல்லித்தான் கண்ணைக் காட்டினார். வைஜெயந்திக்குத் தலை ஆடவில்லை.

“மார்க்கெட் அப்படியேதான் இருக்கு மேடம். ஒன்பதுல இருந்து பன்னெண்டுன்னு சொன்னா நான் எப்பவும் ஒன்பதைத்தான் போடுவேன். பழைய கடன் எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. இதுக்கு மட்டும் பன்னெண்டு போட்டேன். அண்ணன் கை முழுக்கப் பெயின்டோட நின்னுட்டிருந்தாரு.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது முழுசாக உறைத்தது. வெட்கமாக இருந்தது. கூடவே நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

ரூபா எழுதிக்கொண்டாள். சிவப்பிரகாசம் பெருமூச்சு விட்டு, ஒரு மெமோ கொடுத்துத்தான் ஆகணும் மேடம் என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். படகை வாங்கியவரிடமே இப்போது அதே படகை ஓட்டிக்கொண்டிருந்த காத்தமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்காக உனக்கு மெமோவா? இரு, உங்கண்ணிகிட்ட நீயே சொல்லு” என்று போனைக் கைமாற்றிவிட்டார்.

ஜெயராணி போனை வாங்கிக் கேட்டாள்.

“அப்போ நீ எங்களுக்குன்னு பாத்துத்தான் போட்டியா?”

“ஆமாம் அண்ணி. அதுதான் தப்பாப் போச்சு.”