ஒப்புக்கொள்ளும் கூலி

கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்த செய்தியைப் பியூன் ஒரு துண்டுத்தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவந்தார். "ராசிபுரம் கமலவேணி மேடம் காலையில் தவறிட்டாங்க" என்று இருந்தது. வேலையின்மை பற்றிய பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மாணவர்களைப் போகச் சொன்னேன். அவருக்கு நாற்பத்தாறு வயதுதான். இதய நோய் இருந்தது எங்களில் சிலருக்கே தெரியும். தன் உடம்பைப் பற்றிப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை.

ராசிபுரம் கல்லூரியில் அவரிடம் படித்தவர்களுக்கு அவரைத் துறைத்தலைவராகத் தெரியும். எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய கமலவேணி. எழுபதுகளின் நடுவில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த ஒரு தனியார் டுடோரியலில் இருவரும் ஒரே நாளில் பொருளாதார ஆசிரியர்களாகச் சேர்ந்தோம். எம்.ஏ.வில் அவர் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர். ஒரே பாடம், ஒரே எண்ணிக்கையில் வகுப்புகள்.

உழைப்பால் என்ன விளைகிறதோ அதற்கேற்பக் கூலி அமையும் என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை நான் அப்படியே நடத்துவேன். அவரால் அது முடியாது. எடப்பாடி விசைத்தறிகளில் பெண்களுக்குக் கூலி குறைவு என்று கேள்விப்பட்டு, "நேர்ல போய்ப் பாக்கலாம், வாரீங்களா சார்?" என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம்.

அந்த ஷெட்டில் ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துத் தறிகளில் ஒரே துண்டை நெய்துகொண்டிருந்தார்கள். கூலி மீட்டர் கணக்கு. ஆனால் பெண் நெய்த மீட்டருக்கு விலை குறைவு. கமலவேணி இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எதுங்க பொம்பளை நெஞ்சது?" என்று முதலாளியிடம் கேட்டார். அவர் நல்ல மனிதர். எங்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தவர். அவராலும் சொல்ல முடியவில்லை.

பாவாயி என்ற நெசவாளிதான் காரணத்தைச் சொன்னார். "மத்தியானம் ஊட்டுக்குப் போயி புள்ளைக்குச் சோறு போடோணுங்க. நடந்து போற தூரத்துல நாலு ஷெட்டுதான். நாலு மொதலாளியும் அண்ணந் தம்பி மொறை. ஒருத்தரு குடுக்கறதைத்தான் இன்னொருத்தரும் குடுப்பாங்க."

"ஆம்பளைங்களுக்கு மட்டும் எப்படிங்க அதிகம்?" என்று கேட்டார் கமலவேணி.

"அவங்க சைக்கிள்ல போயிருவாங்கல்லங்க."

கமலவேணி எழுதுவதை நிறுத்தினார். பாரபட்சம் காட்டும் முதலாளிக்கு நஷ்டம் வரும், போட்டியில் அவர் தானாகவே காணாமல் போவார் என்று ஒரு கோட்பாடு உண்டு. நாங்கள் இருவரும் அதைத்தான் நடத்தி வந்தோம். அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "வேற எடம் தேடிப் போக முடிஞ்சாத்தான் சார் போட்டி. நடந்து தேடறவங்களுக்கு ஒரு சந்தை, சைக்கிள்ல தேடறவங்களுக்கு இன்னொரு சந்தை." புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதை ஒரு ஷெட்டின் இரைச்சலுக்குள் நின்று அவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது.

கிளம்பும்போது முதலாளி கோபமில்லாமல் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. உங்க டுடோரியல்ல இந்த சாருக்கும் உங்களுக்கும் ஒரே சம்பளமுங்களா?"

கமலவேணி என்னைப் பார்த்தார். எனக்கு அறுபது ரூபாய் அதிகம். சேர்ந்த மாதமே எனக்கு அது தெரியும், சொல்லாமல் இருந்தேன். "இல்லீங்க" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சங்ககிரி தாண்டும்வரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க வேலை ஆர்டரைக் கொஞ்சம் குடுப்பீங்களா? இதைப் பத்தி எழுதப்போற கட்டுரையில அந்தச் சம்பளத்தையும் சேக்கணும்" என்றார். அவர் குரலில் கசப்பு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு அது இன்னொரு தகவல். மூன்று நாள் யோசித்துவிட்டு ஆர்டரைக் கொடுத்தேன்.

சேலத்தில் ஒரு சிறிய கூட்டத்தில் அவர் கட்டுரை வாசித்தார். அதன் கூலி அட்டவணையில் எடப்பாடி ஷெட்டுகளுக்குக் கீழே கடைசி வரிசையாக 'ஒரு டுடோரியல்' என்று இருந்தது. அடுத்த வாரமே நிர்வாகி அவரைக் கூப்பிட்டு, மாசம் முடிந்ததும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானும் விலகுகிறேன் என்று சொன்னபோது கமலவேணி தடுத்தார். "உங்க வீட்ல அஞ்சு பேர் சாப்பிடணும். இருங்க. யாராச்சும் கேட்டா மட்டும் உள்ளதைச் சொல்லுங்க." அந்த அனுமதியை நான் மிக வேகமாக ஏற்றுக்கொண்டேன். இன்றுவரை எனக்கு அதில் வெட்கம் உண்டு.

பதினோரு மாதம் அவர் வேலை தேடினார். அந்த நாட்களில் அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் பிரமிப்புத்தான். வேலை தேடுகிறவர் மனதுக்குள் ஒரு குறைந்தபட்சக் கூலியை வைத்திருப்பார், அதற்குக் கீழே வரும் வேலையை மறுப்பார் என்பது பொருளியலில் அப்போது புதிதாகப் பேசப்பட்ட விஷயம். கமலவேணி தன்னையே அதற்குச் சோதனைப் பொருளாக்கினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், வேலை பற்றிய தபால் வரும் முன், எந்தச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வேன் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தார். பக்கத்தில் காரணம்.

பின்னாளில் அந்த நோட்டை என்னிடம் காட்டினார். எண் வாராவாரம் இறங்கிக்கொண்டே போனது. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "அரிசி தீர்ந்துவிட்டது. எண் இறங்கியது. என் திறமையில் மாற்றமில்லை." சில பக்கம் தள்ளி: "அண்ணன் வீட்டுக்குக் குடிவந்தேன். எண் ஏறியது. என் திறமையில் மாற்றமில்லை."

நாமக்கல்லில் ஒரு பள்ளி கூப்பிட்டு அந்த வார எண்ணுக்குச் சற்றுக் குறைவாகச் சம்பளம் சொன்னது. அவர் மறுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் ராசிபுரம் கல்லூரியில் வேலை கிடைத்தது. உங்கள் துணிச்சல் எனக்கு வராது என்று நான் ஒருமுறை சொன்னபோது அவர் சிரித்தார்.

"துணிச்சல்னு எழுதிறாதீங்க சார். எங்கண்ணன் சோறு போட்டாரு. பாவாயிக்கு அப்படி ஒரு அண்ணன் இருந்திருந்தா அவங்களும் மறுத்திருப்பாங்க."

பாராட்டை வாங்கிக்கொள்ளாமல் காரணத்தைத் திருத்தினார். எத்தனையோ அறிஞர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். தன் கதையில் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளாத ஒருவரை வேறெங்கும் பார்த்ததில்லை.

சில வருடம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. பாவாயியின் ஊர்ப் பக்கம் டவுன் பஸ் விட்டிருந்தார்கள் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெண்கள் தூரத்து ஷெட்டுகளுக்குப் போகத் தொடங்கியதும் பழைய முதலாளி மீட்டர் கூலியை எல்லாருக்கும் ஒன்றாக்கிவிட்டாராம். நலம் விசாரிப்புக்கூட இல்லாத அட்டை. "பஸ் வந்தது. கூலி ஏறியது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

போன வருடம் அவருடைய கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் தேர்வுக்கு வெளியாளாக என்னை அழைத்திருந்தார். அவர், நான், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் என மூன்று பேர் கொண்ட குழு. முதல் ஆளைக் கூப்பிடும் முன் கமலவேணி ஒரு தாளை எடுத்து, கொடுக்கப்போகும் சம்பளத்தை எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

தேர்வானவர் ஓர் இளம்பெண். அவர் வெளியே போனதும் நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்தவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இந்தப் பொண்ணு ஊட்டுக்காரரு லாரி ஆபீஸ் வெச்சிருக்காருங்க. இதைவிடக் கொறைச்சுக் குடுத்தாலும் வந்துரும்" என்றார்.

"வருவாங்க" என்றார் கமலவேணி. "அதுக்குத்தானுங்க ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடியே எழுதினோம்."

அவர் தாளைத் திரும்ப வாங்கி, பெயருக்கான இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை நிரப்பினார். நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் பேனாவை மூடினார். வெளியே காத்திருந்த பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. ஆர்டரை வாங்கிப் படித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கமலவேணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது. இப்போது எங்கள் கல்லூரியில் ஆள் எடுக்கும்போதெல்லாம், கதவைத் திறக்கும் முன் சம்பளத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். உள்ளே வரப்போவது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.