அத்திம்பேரின் இரண்டாவது அம்மை

அத்திம்பேரின் வாயை நம்பியவர்கள் உண்டு. அவருடைய உடம்பு நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் அம்மை லீவு போட்டார். அம்மை என்று சர்டிபிகேட் வந்தால் சர்க்கார் ஆபீசில் ஒருவனும் கிட்டே வந்து பார்க்க மாட்டான். காகிதத்தில் கொப்புளம், கல்லாற்றில் குளியல். கூடப் போனவன் நான். பாறையில் மல்லாந்து, மரச்சீனிக் கிழங்கு தின்று, வெயிலைக் குடித்துத் திரும்பினோம். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார். மூளை அவ்வளவு மலிவான சாமான்.

சில வருஷம் கழித்து அக்காவுக்கு ஏழு மாதம். ஸ்ரீவராகத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் அத்திம்பேரின் அண்ணா பிள்ளைக்கு அம்மை கண்டது. அக்காவுக்கு எப்போதாவது வந்திருக்கிறதா என்று அம்மாவுக்கே நினைவில்லை. வந்திராவிட்டால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து என்றிருந்தார் டாக்டர். எங்கள் தெருவில் அம்மை வீட்டுக்குள் ஏற்கெனவே வந்தவர்கள்தான் போவார்கள். வேப்பங்கொத்தும் கையுமாகக் கிளம்பினார், ‘வந்தவரான’ அத்திம்பேர்.

“ஏன்னா, போகாதீங்கோ.”

“போடி! எனக்குத்தான் ஒரு தடவை வந்துடுத்தே. உடம்பு மறக்காது, கேட்டோ! வேணும்னா இவனைக் கேளு.”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“ஆமாம், வந்துது” என்றேன். சே!

இரண்டு வாரத்தில் அத்திம்பேருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை முத்து முத்தாக வெடித்தது. சர்டிபிகேட் படிக்கத் தெரியாத ரத்தம். அக்கா அதற்குள் அவரோடு ஒரே அறையில் எத்தனை நாள் தூங்கியிருந்தாள்! லீவு கடிதத்தைக் கொண்டுபோன என்னிடம் சூப்பிரண்டு பழைய காகிதத்தை எடுத்து வைத்துச் சிரித்தார்: “பின்னேயுமோ? தேவிக்கு சாரினோடு மாத்ரம் இத்ர ஸ்நேஹமோ?” மறுபடியுமா, அம்மனுக்கு இவர்மேல் மட்டும் இத்தனை பிரியமா என்று மலையாளத்தில் கேலி.

அக்காவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை அவள் வயிற்றின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

எதிர்ப்புச் சக்தி இருந்தது. எப்போதோ வந்து போயிருக்கிறது, பயமில்லை.

“ரெண்டு வயசுல நாலு குரு வந்துது. வேர்க்குருன்னு சந்தனம் பூசி விட்டேன்” என்றாள் அம்மா, மெல்ல. அந்த நாலு குருவை எல்லோரும் மறந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ சில அணுக்கள், சம்பளமில்லாமல், சாட்சியில்லாமல், இருபத்தைந்து வருஷம் கண்விழித்துக் காத்திருந்தன.

வேப்பிலைப் படுக்கையிலிருந்து அத்திம்பேர் முனகினார். “நான் சொல்லலை? அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு!”

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காய்ச்சலில் அவர் மூன்று நாளாக என்ன உளறினார் என்று அவளுக்குத்தான் தெரியும். என் பக்கம் திரும்பி, குரல் உயர்த்தாமல் கேட்டாள்.

“கல்லாத்துத் தண்ணி அன்னிக்கு ரொம்ப ஜில்லுன்னு இருந்துதோடா?”