மூன்றாவது பிஸ்டன்

காத்து என்று சொன்னால் அந்தப் பகுதியில் கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய மனைவியே கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது ஒரு தடவை பார்த்ததோடு சரி. பழைய கார்களுக்குச் சூப்பர்சார்ஜர் பொருத்துவது அவர் தொழில். இன்ஜின் தானாக இழுக்கும் மூச்சு போதாதென்று, பெல்ட்டில் சுழன்று கூடுதல் காற்றை அமுக்கித் திணிக்கும் இரும்புக் கருவி அது. ஒழுங்காகப் பொருத்தினால் கிழட்டுக் காரும் இருபது வயது குறைந்ததுபோல மேடேறும். காற்று ஊட்டுகிறவர் நாளடைவில் காத்து ஆகிவிட்டார்.

மர அறுவை மில்லுக்கும் சலவைக் கடைக்கும் நடுவே அவர் பட்டறை. ஒரு சுவர்ப் பக்கம் மரத்தூள் வாசனை, இன்னொரு சுவர்ப் பக்கம் சோப்பு வாசனை, நடுவில் பெட்ரோல். வேகம் வேண்டும் என்று கண்கள் மின்ன வருகிற வாடிக்கையாளர்களை முதலில் உட்கார வைத்து ஒரு பாடம் நடத்துவார்.

"ரேஸுக்குன்னா இன்ஜின் ஒரு மத்தியானம் உயிரோட இருந்தாப் போதும். தெருவுக்குன்னா அப்படி இல்ல சார். சிக்னல்ல அரை மணி நேரம் கொதிக்காம நிக்கணும். மழையில ஒரே சாவியில கிளம்பணும். மாமியார் ஏறி உக்காந்தாலும் மரியாதையா போகணும்."

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்ஜினைத் திறந்து உள்ளே பார்க்காமல் எந்தக் காருக்கும் காற்று ஊட்ட மாட்டார். பல் டாக்டர் ஒருவர், "நல்லாத்தானே ஓடுது, அப்படியே மாட்டுங்களேன்" என்று கெஞ்சியபோது, "நீங்க வாயைத் திறக்கச் சொல்லாமலே பல்லைப் புடுங்குவீங்களா டாக்டர்?" என்று கேட்டு அனுப்பியவர்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை திறக்காமல் மாட்டினார். கேட்டவள் தங்கை.

அந்தத் தங்கையை அவர் வளர்த்தார் என்று சொல்வதுகூடக் குறைவுதான். ஒரே வருடத்தில் அப்பாவும் அம்மாவும் போனபோது அவருக்குப் பதினேழு வயது, அவளுக்கு ஏழு. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு லேத் பட்டறைக்கு ஓடுவார். எவ்வளவு கை கழுவினாலும் அவள் சடையில் கிரீஸ் வாசனை போகாது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதையும் கேட்டு அழுததும் இல்லை.

அவளைக் கட்டியவர் நில அளவை ஆபீஸில் வரைபடம் வரைகிறவர். மயிரிழைக் கோடு போடுகிற கை. கல்யாணமான புதிதில் எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி இழுத்து வந்தார். சிவப்பு, இரண்டே பேர் உட்காரலாம். வீட்டுக் கொட்டகையில் அதன் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, தன் கையாலேயே திரும்பக் கோர்த்தார். மச்சானைக்கூடக் கிட்டே விடவில்லை.

"மாப்பிள்ளே, ஒரு தடவை திறந்து காட்டுங்க."

"நீங்க என் பொண்டாட்டியோட அண்ணன். அதுக்காக என் இன்ஜினுக்கும் அண்ணனாகப் பாக்காதீங்க மச்சான்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் எங்கோ தேடிப் பிடித்து ஒரு பழைய சூப்பர்சார்ஜர் வாங்கி வந்தார். ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவார். பிறகு படுக்கை விரிப்பில் சுற்றி அலமாரி மேல் வைப்பார். மாட்டித் தரச் சொல்லி மச்சானிடம் கேட்டார்.

"மாட்டறேன். ஆனா உங்க பிஸ்டன் ஏற்கெனவே காத்தை ரொம்ப இறுக்கி அமுக்கற ரகம். மேல இதையும் ஊதினா பெட்ரோல் தானா வெடிக்க ஆரம்பிச்சுடும். பிஸ்டனை மாத்தினாத்தான் மாட்டுவேன்."

"நான் கோத்ததை மாத்த விட மாட்டேன்."

"அப்ப அலமாரி மேலயே இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் இருவரும் முரண்டு பிடித்தார்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பகல், வரைபலகைமேல் குனிந்தவர் நிமிரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தவர்கள், பென்சில் அவர் விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது என்றார்கள்.

எட்டு மாதம் கழித்துத் தங்கை பட்டறைக்கு வந்தாள். கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி, படுக்கை விரிப்பில் சுற்றியதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"இதை அவர் கார்ல மாட்டிக் குடு அண்ணா. இனிமே நான் ஓட்டப் போறேன். மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குத் தினம் பஸ்ல போறேன், இனிமே அதுல போறேன்."

"செஞ்சுடலாம் பாப்பா. முதல்ல இன்ஜினைத் திறந்து..."

"திறக்கக் கூடாது." அவள் அந்த மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "வீட்டுல அவர் சட்டையெல்லாம் துவைச்சு வெச்சுட்டேன். அவர் வாசனை போயிடுச்சு. அவர் கை பட்டு அப்படியே இருக்கறது அந்த இன்ஜினோட உள்பக்கம் ஒண்ணுதான். அதை மட்டும் கலைச்சுடாதே."

ஏழு வயதிலிருந்து எதையும் கேட்டு அழாதவள் ஐம்பது வயதில் அழுதாள். அண்ணன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வாய் தானாகவே, "சரி பாப்பா" என்றது.

அவர் மனைவி மட்டும் வீட்டில் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் ஒரு நியாயம் பேசுவீங்க. தங்கச்சி கண்ணு கலங்கினா இன்ஜின் பயந்துக்கிட்டு சும்மா இருக்குமா?"

"பெரிய சக்கரமா போட்டு, காத்தைக் கொஞ்சமா விடறேன்டி. சமாளிச்சுடலாம்."

"சமாளிக்கறது வேற, சரி பண்றது வேறன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

அவர் கை கழுவப் போனார்.

மூன்று வாரம் உழைத்தார். சூப்பர்சார்ஜர் மெதுவாகச் சுழலட்டும் என்று பெரிய சக்கரம் கடைந்தார். பெட்ரோல் தாராளமாகப் போகும்படி வைத்தார். தீப்பொறி பற்றும் நேரத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். கடைசியில், ஒவ்வொரு காருக்கும் செய்வதுபோல, ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி இன்ஜின் உடம்பில் முடுக்கி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைக் காருக்குள் இழுத்து வந்தார். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல, ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தங்கை ஓட்டினாள். இவர் கேட்டார். சமதளத்தில் குறையில்லை. ரயில் பாதையைத் தாண்டும் நீண்ட மேம்பாலத்தில் அவள் காலை அழுத்தியதும், தகர டப்பாவில் கூழாங்கற்களைக் கொட்டியதுபோல ஒரு சத்தம் குழாய் வழியாக அவர் காதில் இறங்கியது. வெளியே யாருக்கும் கேட்காது. அப்படியே விட்டால் சில மாதங்களில் பிஸ்டன் ஓட்டையாகி, மாப்பிள்ளை கோர்த்த இன்ஜின் காயலான் கடைக்குத்தான் போகும்.

"காலை எடு பாப்பா."

"ஏன் அண்ணா, என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

முப்பது வருடத் தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லாவிட்டால் அவள் கணவன் விட்டுப்போன கடைசிப் பொருள் போகும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தீப்பொறியை இன்னும் தள்ளி வைத்துப் பார்த்தார். வண்டி சூடேறியது, மேட்டில் முனகியது, கூழாங்கல் சத்தம் மட்டும் போகவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவரை அதிகம் குத்தியது.

ஒன்பதாம் நாள் மாலை தங்கை வந்தாள். பட்டறை ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"இன்னிக்கு நீ ஓட்டு. அந்தக் குழாயைக் குடு, நான் கேக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும் அதுல?"

"கண்ணாடி போட வர்றவங்க ஆமாம் ஆமாம்னு தலையாட்டிட்டே பொய் சொல்வாங்க. பலகையில எழுத்து தெரியலைன்னா முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவேன். ஒரு வாரமா உன் முகத்தைப் பாக்கறேன். வண்டியை எடு."

மேம்பாலம் வந்தது. தங்கை கண்ணை மூடி, ரப்பர் குழாயைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் கால் பெடலின்மேல் இருந்தது. பட்டும் படாமல் மிதித்தால் போதும், அவளுக்கு எதுவும் கேட்காது. நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். இன்னும் ஆறு மாதமாவது அவள் நெஞ்சு ஆறியிருக்கும். அந்தப் பாலத்தின் பாதித் தூரம் அவர் கால் அப்படியேதான் இருந்தது.

பிறகு அழுத்தினார். முழுதாக அழுத்தினார்.

தங்கை சட்டென்று கண்ணைத் திறந்தாள். உச்சியில் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். கீழே ஒரு சரக்கு ரயில் போய் முடிந்தது.

"இது எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து."

"தெரிஞ்சும் சொல்லல."

"உன் மனசு..."

"என் மனசை நீங்க யாரும் பாத்துக்க வேண்டாம்!" அவள் கத்தியதில், பாலத்தில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். "அவரும் இதைத்தான் பண்ணினார். ரெண்டு மாசமா நெஞ்சு என்னவோ பண்ணுதுன்னு ஆபீஸ் நண்பர்கிட்ட சொல்லியிருக்கார். என்கிட்ட சொல்லல. நான் பயந்துடுவேனாம். நல்ல ஆளுங்க நீங்க ரெண்டு பேரும்! சத்தம் உங்க காதுக்குள்ளேயே இருக்கும். நான் மட்டும் ஒண்ணும் தெரியாம பக்கத்து சீட்டுல சிரிச்சுட்டு வரணும்."

காத்துவுக்கு ஸ்டியரிங் தெரியவில்லை. கண் முழுக்க நீர்.

"தப்புதான் பாப்பா. உன் தலைமேல கை வெச்சு..."

"சத்தியமெல்லாம் வேண்டாம். கையில கிரீஸ்." அவள் மூக்கை உறிஞ்சினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திறந்துடு" என்றாள். "ஆனா நானும் இருப்பேன்."

அடுத்த ஞாயிறு பட்டறையில் மூன்று பேர். அண்ணி வாளியும் துணியுமாக வந்திருந்தாள். முதல் நட்டைத் தங்கைதான் கழற்றினாள். ஸ்பேனரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மேல்மூடி தூக்கப்பட்டது. ஒவ்வொரு பிஸ்டனும் வெளியே வந்தது. உள்ளே கணவன் பென்சிலால் எண் போட்டதுபோல மெல்லிசாகக் கீறியிருந்த ஒன்று, இரண்டு, மூன்று, நான்கை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது பிஸ்டனைக் கையில் வைத்திருந்த காத்து திடீரென்று அசையாமல் நின்றார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன அண்ணா? இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னு சொன்னே, அவ்வளவுதான்."

"பாப்பா, வண்டி கிளம்பும்போது பின்னாடி நீலமா புகை வருமே?"

"ஆமா. பழைய இன்ஜினுக்கு அதுதான் கம்பீரம்னு சொல்வார். இருபது வருஷமா சொன்னார். பக்கத்து வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டா அவங்களுக்கும் அதையேதான் சொல்வார்."

"கம்பீரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இங்கே பார். பிஸ்டனைச் சுத்தி இருக்கற இந்த வளையத்துல மேல்பக்கம்னு அடையாளம் குத்தியிருக்கு. அதைக் கீழே பாக்க வெச்சு மாட்டியிருக்கார். நாலு பிஸ்டன்ல மூணு சரி. இது ஒண்ணு மட்டும் தலைகீழ். இருபது வருஷமா இது எண்ணெயை வழிச்சு மேலே அனுப்ப, அது எரிஞ்சு புகையாயிட்டு இருக்கு!"

தங்கை பிஸ்டனை வாங்கி அந்த அடையாளத்தைப் பார்த்தாள்.

"புத்தகத்துல அம்புக்குறி போட்டுப் படிச்சாரே!" என்றாள் தங்கை. "ஒரு வாரம் என்னை சமையலறையிலகூட சத்தம் போட விடலையே!"

"அதான் என்னைத் திறக்க விடல. தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. ஊருக்கே எல்லைக்கல் எங்கேன்னு காட்டின மனுஷன், வளையத்துக்கு மேல் எது கீழ் எதுன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் விரித்த சாக்கிலேயே உட்கார்ந்து சிரித்தாள். இத்தனை மாதமாக அந்த மனிதரை எல்லோரும் தெய்வமாக்கி ஒரு உயரத்தில் வைத்துவிட்டார்கள். இப்போது அவர் பழையபடி, பொய்க் கம்பீரத்தோடு, மூக்கில் கரியோடு, அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. அண்ணி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "அழு, சிரி, எதை வேணும்னாலும் பண்ணு, கிரீஸ் கையால என் புடவையை மட்டும் தொடாதே" என்றாள். பிறகு அவளே அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

காற்றைக் குறைவாக அமுக்கும் புது பிஸ்டன்கள் வந்தன. காத்து அவற்றின் வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, தங்கை அடையாளத்தைப் பார்த்து, "மேலே" என்று சொன்ன பிறகே மாட்டினார். அவசரப்படாமல், முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வண்டியை அழுத்தாமல், அண்ணனையோ அண்ணியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவளே ஓட்டிப் பழக்கினாள். புகை நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரம்மா, "என்னம்மா, இப்பல்லாம் வண்டி கிளம்பறதே தெரியல?" என்று விசாரித்தாள்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை காலை, அதே மேம்பாலம். அவள் ஓட்டினாள். அவர் ரப்பர் குழாயைக் காதில் வைத்திருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல், சொல்லாமல், ஏற்றம் தொடங்கியதும் முழுதாக அழுத்தினாள். பெல்ட் சுழலும் மெல்லிய விசில் எழுந்தது. சிவப்புக் கார் இரண்டு லாரிகளைத் தாண்டி, காற்றைப் பிடித்த பட்டம்போல ஏறியது. உச்சிக்கு வந்ததும் ஓரம் கட்டினாள்.

"சொல்லு. உண்மையைச் சொல்லு."

"சுத்தமா இருக்கு பாப்பா. உன்மேல சத்தியமா சுத்தமா இருக்கு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கடையில் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல, கண், புருவம், உதடு என்று நிதானமாகப் பார்த்தாள்.

"சரி, நம்பறேன். இறங்கு."

"என்னது? பட்டறை நாலு கிலோமீட்டர்டி!"

"பஸ் வரும். இத்தனை வருஷத்துல நான் இதுல தனியா போனதே இல்ல அண்ணா. ஒரு தடவை போயிட்டு வரேன்."

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். கார் சரிவில் இறங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் காதைத் தீட்டி நின்றார். இரண்டாவது கியர். கொஞ்சம் தாமதமாக மூன்றாவது. ரயில் நிலையத் திருப்பத்தில் கார் கண்ணுக்கு மறைந்தது, சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. நான்காவது கியரை அவள் ஒரு பிசிறு இல்லாமல் போட்டாள். அதையும் கேட்ட பிறகுதான் காத்து சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.