இடது மூலை ஓட்டை

இடது மூலையில் ஓட்டை விழுந்து எங்கள் கபடி அணி வரிசையாகத் தோற்றது.

துணைப் பயிற்சியாளர் வேலை என்பது இதுதான். ஜெயித்தால் மாலை தலைமைப் பயிற்சியாளருக்கு. தோற்றால் அவரோடு சேர்ந்து நாமும் மூட்டை கட்ட வேண்டும். எந்த ஆபீசிலாவது இரண்டாவது நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெட்டி

ஆடுகிற வயதில் முட்டி போயிற்று. அன்றிலிருந்து துணைதான். சம்பளம் கொடுக்கிற லீக் அணிகள் பல பார்த்தாயிற்று. எங்கே போனாலும் ஒரே கதை. தலைமை மாறும். புதியவர் தன் ஆளைக் கூட்டி வருவார். நான் பெட்டியோடு சொந்த ஊரான திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வந்து இறங்குவேன். தலைமைப் பதவிக்கு என்னை யாரும் கேட்டதில்லை. போன தடவை இறங்கியதும் டீக்கடை அண்ணாச்சி பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னவே, இந்தத் தடவ நீரு தோத்தீரா, உம்ம ஆளு தோத்தாரா?"

வேலை கிடைத்தது

இப்போதைய அணி பாளையங்கோட்டையில். முதலாளி உடன்குடி கருப்பட்டி வியாபாரி. கபடி தெரியாது, ஆள் பிடிக்கத் தெரியும். தலைமைக்கு வடக்கே ஆடிப் பெயர் வாங்கிய ஒருவரை முன்பே பிடித்துவிட்டார். எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "அவரு சொல்லுதத நீங்க கேட்டாப் போதும் அண்ணாச்சி. அவரு என்ன சொல்லணுங்கத மட்டும் நீங்க சொல்லிக் குடுத்துருங்க."

வெற்றிலை பாக்கு

இடது மூலையில் நிற்பவன் மாடசாமி. அவனை அடுத்து இசக்கிமுத்து. ரெய்டு வருகிறவனை மடக்க இருவரும் கைகோத்து நிற்க வேண்டும். மாடசாமி கட்டியிருப்பது இசக்கிமுத்துவின் தங்கை பேச்சியம்மாளை. அவர்கள் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாடசாமி அந்த மாமனை நேரில் போகாமல் போனிலேயே அழைத்துவிட்டான். மாமன் போகவில்லை. காதுகுத்து நின்றது. கைகோப்பதும் நின்றது. நடுவே ஒரு மாட்டு வண்டி போகலாம். எதிரணிக்காரன் போய் வந்தான்.

"நீங்க பெரியவர், பேசுங்க" என்று தலைமை நழுவினார். பேசினேன். இசக்கிமுத்து சொன்னான்: "வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடத் தெரியாதவன் கைய நான் எதுக்கு சார் பிடிக்கணும்?"

வீடியோ

ஓட்டையைக் கண்ணால் பார்த்தால் புத்தி வரும் என்று நினைத்தேன். தோற்ற ஆட்டத்தைப் பெரிய திரையில் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, "என்னலே தெரியுது?" என்றேன். மாடசாமி முன்னால் வந்து உற்றுப் பார்த்தான். "பாத்தியளா சார், மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கான்!"

கடைசி ஆட்டம்

இதிலும் தோற்றால் தலைமையும் நானும் கிளம்பலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் காலையிலேயே பெட்டியில் துணியை மடித்து வைத்துவிட்டேன். பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் தலைமை ஆங்கிலத்தில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தார்.

மாடசாமி பெண்டாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேலரியிலிருந்து இறங்கி வந்தாள். இங்கே வரக்கூடாதம்மா என்றேன். காதில் வாங்கவில்லை. மடியிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்துப் புருஷன் கையில் திணித்து, அண்ணனைக் காட்டினாள். மாடசாமி எங்கேயோ பார்த்துக்கொண்டு நீட்டினான். இசக்கிமுத்து வாங்குவதா வேண்டாமா என்று நின்றான். அவள் ஒரே போடாகப் போட்டாள்: "வாங்குதியா அண்ணே, இல்ல புள்ளய என் மடியிலேயே வச்சுக் காது குத்திக்கிடட்டா?"

வாங்கினான். கையையும் பிடித்தான். அப்புறம் இடது மூலைக்கு வந்தவன் எவனும் திரும்பிப் போகவில்லை. ஜெயித்தோம்.

முதலாளி தலைமைக்கு மாலை போட்டார், தலைமை தன் படத்தைக் காட்டினார், நான் பெட்டியைப் பிரித்தேன். ஓட்டையை அடைத்தது பேச்சியம்மாள்.