நெட்டையனுக்கும் அவன் மனைவிக்கும் ஒரே வண்டி

இன்று கும்பகோணத்தில் பைக் பார்க்கப் போனோம். நான், மனைவி, மகள்.

எட்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவன், மறுபடியும் வண்டி ஓட்டப் போகிறேன். உயரம் வேறு ஆறடி ரெண்டங்குலம்.

நல்ல உயரமான பைக் ஒன்றில் உட்கார்ந்தேன். எனக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இதுதான் நம்ம வண்டி என்று முடிவே பண்ணிவிட்டேன்.

"பின்னால ஏறிப் பாரு" என்றேன் மனைவியிடம்.

புடவையோடு ரெண்டு தடவை எம்பிப் பார்த்தாள். முடியவில்லை.

"வாய்க்கால் மதகோரமா நிறுத்துங்க, கட்டை மேல நின்னு ஏறிக்கிறேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம் சொன்னாள்: "உங்களுக்குத் தோதா இருக்கறதையே வாங்குங்க. நீங்க இல்லாதப்ப பஸ்ல போய்ப் பழகிட்டேன்."

குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அந்த பைக்கை விட்டு இறங்கிவிட்டேன். ஊருக்குத் திரும்பி வந்தும் அவளை பஸ்ஸுக்கு நிற்க வைக்கவா வண்டி வாங்குகிறேன்?

தாழ்வான வண்டி ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதில் அவள் சுலபமாக ஏறி உட்கார்ந்தாள். ஓட்டிப் பார்த்தேன், எனக்குத்தான் திரும்பும்போதெல்லாம் ஹேண்டில்பார் முட்டியில் இடிக்கிறது.

"அப்பா, வரப்புல குந்தின கொக்கு மாதிரி இருக்கீங்க" என்கிறாள் மகள்.

நம்ம பக்கத்து நெட்டைக்காரங்க யாராவது, முட்டியை எங்கே வைப்பதென்று சொல்லிவிட்டுப் போங்க.