செலுகா பூட்டிய கணக்கு

எங்கள் தீவில் செலுகாவைவிட வேகமாக ஓடியது வாரம் இருமுறை வரும் விமானம் ஒன்றுதான். அதையும் ஒருநாள் ஓடுதளத்தில் அவள் முந்தினாள். விமானி தொப்பியைக் கழற்றி வணங்கினார். நம்பாதவர்கள் அவரையே கேட்கலாம். ஆனால் பாவம், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஆஸ்திரேலியாவில் நடந்த அந்தப் பெரிய சர்வதேசப் போட்டிக்கு எங்கள் துவாலு நாட்டிலிருந்து ஓடப் போனவள் அவள் ஒருத்திதான். கூட அணி மேலாளர் சகாயோ. வீரர்கள் குடியிருப்பில் மற்ற நாட்டுக்காரர்கள் கும்பலாகச் சிரித்துச் சாப்பிட, இவள் தனியாக உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பாள். அவள் பெயரிலிருந்த முகநூல் கணக்கு ஊருக்கே பொது. எங்களில் வேறு யாருக்கும் கணக்கு கிடையாது. அத்தை மெலிட்டாவின் கைப்பேசியில் அதைத் திறந்து, நினைத்தவர் நினைத்ததை எழுதுவோம். ‘கிழங்குக் குழியில உப்புத்தண்ணி ஏறிருச்சு.’ ‘உன் பன்னி குட்டி போட்டிருச்சு.’ அவளுக்கு அதுதான் துணை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் சகாயோ வெளிறிய முகத்தோடு வந்தார்.

“மீன் டின்னோட நிக்கிற உன் படத்தை யாரு போட்டது? ‘இதைத் தின்னுதான் ஓடறேன், கடைக்காரருக்கு நன்றி’ன்னு எழுதியிருக்கு. போட்டி முடியற வரைக்கும் வீரர் பேர்ல வெளிக் கடை விளம்பரம் கூடாது. படத்தை நீக்கியாச்சு. இன்னொண்ணு வந்தா உன்னை ஓடவே விடமாட்டாங்க.”

செலுகா உடனே அத்தையைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“அத்தே, பத்து நாளைக்கு யாரும் எதுவும் எழுதாதீங்க.”

“ஏண்டி, உனக்கு ஷூ வாங்கிக் குடுத்த கடைக்கார மனுஷனுக்கு நாலு பேர் பார்க்க நன்றி சொல்லலேன்னா ஊர்ல தலை காட்ட முடியுமா? சரி, நான் எழுதல. மத்தவங்க கையை நானா கட்டிப்போட முடியும்?”

சகாயோ மெல்லச் சொன்னார்: “பாஸ்வேர்டை மாத்திரு.”

“மாத்தினா அவங்க எப்படி உள்ள வருவாங்க?”

“வரக் கூடாதுன்னுதானே மாத்தறது!”

எங்கள் ஊரில் சொந்தக்காரர் வரும்போது யாரும் கதவைச் சாத்தியதில்லை. செலுகா சாத்தினாள். அன்று முழுவதும் பன்றியைப் பற்றிக்கூட ஒரு வரி வரவில்லை.

மறுநாள் நூறு மீட்டரில் எட்டாவதாக வந்தாள். ஓடியவர்கள் எட்டுப் பேர். ஆனால் எங்கள் தீவில் எந்தப் பெண்ணும் அதுவரை அத்தனை வேகமாக ஓடியதில்லை. ‘ஓடிட்டேன்’ என்று கணக்கில் எழுதினாள். படிக்க வேண்டிய நாங்கள் எல்லோரும் வெளியே நிற்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அத்தையைக் கூப்பிட்டாள்.

மெலிட்டா வீட்டுப் பாயில், எங்கள் இருபது பேருக்கு நடுவே கைப்பேசி அடித்தது.

“பூட்டினவதானே, கொஞ்சம் வெளிய நிக்கட்டும்” என்றாள் மெலிட்டா.

மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.